வலி நின்றது, வைத்தியம் நிற்கலாமா?

புனே வாழ் தமிழ் அன்பர்களுக்கு,

ராஸ்தா பேட்டின் பழைய வாடாக்களில் பாட்டனார் காலத்திலிருந்தே குடியிருந்து வருகிறவர்களும், கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலும் பிம்ப்ரி ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்களும், ஹிஞ்சவாடியின் கண்ணாடிக் கட்டிடங்களில் இரவைப் பகலாக்கி வேலை பார்க்கும் இளைஞர்களும் ஆகிய உங்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு குறையை எடுத்துச் சொல்லவே இந்த மடலை வரைகிறேன். பிராவிடண்ட் பண்டுக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் மனுமேல் மனுப் போடுகிற நீங்கள், பொங்கலுக்கு ஊர் செல்ல இரண்டு மாதத்துக்கு முன்பே ரயில் சீட்டுக்கு முந்திக்கொள்கிற நீங்கள், உங்கள் கடைவாய்ப்பல்லின் விஷயத்தில் மாத்திரம், வலி நின்ற மறுநாளே வைத்தியரை அடியோடு மறந்துவிடுகிறீர்கள்.

சொத்தை நரம்பை எட்டி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருந்து, பொழுது விடிந்ததும் தந்த வைத்தியரிடம் ஓடி, ரூட் கெனால் என்கிற வேர் சிகிச்சையைச் செய்துகொள்கிறீர்கள். நரம்பு எடுக்கப்படுகிறது, வேரின் உட்குழாய்கள் சுத்தம் செய்யப்பட்டு, கட்டாபெர்ச்சா என்னும் மரப்பால் பொருளால் அடைக்கப்படுகின்றன, மேலே தற்காலிகமாக ஒரு சிமெண்டை வைத்து மூடி, "அடுத்த வாரம் கேப் போட வாருங்கள்" என்று வைத்தியர் சொல்லி அனுப்புகிறார். அந்த அடுத்த வாரம் உங்களில் பலருக்கு வருவதே இல்லை. "வலியே இல்லையே, இனி எதற்கு?" என்கிறார் ஒருவர்; "கேப் என்பது பணம் பறிக்கிற வழி" என்கிறார் இன்னொருவர்; "ஊருக்குப் போகும்போது மதுரையில் பார்த்துக்கொண்டால் பாதிச் செலவில் முடியும்" என்று மூன்றாமவர் தள்ளிப் போடுகிறார். இவற்றில் எதுவும் மூடத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. ஆனால் உங்கள் பல்லுக்கு அந்த நியாயங்கள் எதுவும் தெரியாது.

நரம்பு எடுத்த பல் காய்ந்து, சருகாகி, அதனால்தான் உடைகிறது என்று நம்மில் நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை உண்டு. அது முழு உண்மையன்று. 1989ஆம் ஆண்டில் ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் என்ற மூவர் பற்களை அழுத்திப் பார்த்துச் செய்த பரிசோதனையில், வேர் சிகிச்சைக்காக நடுவே துளையிடுவதால் மட்டும் பல்லின் விறைப்பு 5 சதவிகிதமே குறைகிறது என்றும், முன்னும் பின்னுமுள்ள இரண்டு விளிம்பு மேடுகளும் போய்விட்ட பல்லிலோ அது 63 சதவிகிதம் குறைந்துவிடுகிறது என்றும் கண்டார்கள். விளிம்புக் கட்டு அவிழ்ந்த மூங்கில் கூடை, அடியில் ஓட்டையே இல்லாவிட்டாலும் பாரம் ஏற்றிய மாத்திரத்தில் விரிந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் பல்லின் கதியும் அதுதான். சொத்தை அரித்ததும், பழைய அடைப்புக்காகக் குடைந்ததும், சிகிச்சைக்காகத் திறந்ததும் சேர்ந்து, எஞ்சி நிற்பவை நான்கு மெல்லிய சுவர்கள். நீங்கள் மெல்லும்போதெல்லாம் அச்சுவர்கள் வெளிப்புறமாகச் சாய்கின்றன. அவற்றைச் சுற்றிலும் அணைத்துப் பிடித்து ஒன்றாகக் கட்டுவதே கேப் என்கிற உறையின் உத்தியோகம். பல்லின் தலையில் வைக்கும் அலங்காரமாக அதை நினைப்பது பிசகு.

எங்கள் வீதியில் ஓர் அம்மையார், கீழ்க்கடைவாய்ப்பல்லில் வேர் சிகிச்சை முடித்து, ஆடி, ஆவணி என்று கேப்பைத் தள்ளிக்கொண்டே வந்தார். கோகுலாஷ்டமியன்று தம் கையால் உருட்டிய உப்புச் சீடையில் ஒன்றைக் கடித்தபோது 'சடக்' என்று ஒரு சப்தம் கேட்டது. சீடைதான் நொறுங்கியது என்று எண்ணி மென்றுகொண்டே போனார். மறுநாள் எடுத்த எக்ஸ்ரேயில், பல் நடுவாக இரண்டாகப் பிளந்து, பிளவு வேர் வரையில் இறங்கியிருப்பது தெரிந்தது. அப்படிப் பிளந்த பல்லை ஒட்டவைக்க உலகில் எந்த வைத்தியராலும் இயலாது. பிடுங்குவது ஒன்றே வழி. முன்பு செலவழித்த பணம் வீண். இனி அந்த வெற்றிடத்தில் இம்பிளாண்ட் வைக்கவோ, பக்கத்துப் பற்கள் இரண்டையும் செதுக்கிப் பாலம் கட்டவோ ஆகும் செலவு, தள்ளிப்போட்ட கேப்பின் விலையைப் போல் பல மடங்கு.

இது அந்த ஓர் அம்மையாரின் துரதிருஷ்டம் மட்டும் என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். அமெரிக்காவைச் சேர்ந்த அக்விலினோ, கேப்லான் என்ற இருவர் 2002இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வேர் சிகிச்சைக்குப் பின் உறை போடாத பற்கள், உறை போட்ட பற்களைக் காட்டிலும் ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டன என்று தெரியவந்தது. அவகாசம் கடக்கக் கடக்க இன்னொரு கேடும் சூழ்கிறது. கேப் நிலையாக நிற்க வேண்டுமானால், ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் உயரத்துக்காவது நல்ல பல் எஞ்சியிருக்க வேண்டும். தற்காலிக சிமெண்ட் கரைந்து, உமிழ்நீர் உள்ளே கசிந்து, சுவர் ஒவ்வொன்றாக உதிர்ந்த பின் போனால், கவ்விப் பிடிக்கப் பல்லே இருக்காது. ஒரு சில வாரங்களில் முடிக்க வேண்டிய காரியத்தை ஒரு வருஷத்துக்குத் தள்ளிவிட்டு, பிறகு வைத்தியரின் கைராசியைக் குறை சொல்வதில் பிரயோஜனமில்லை.

இவ்வளவும் சொன்ன நானே, உங்களில் மற்றொரு சாராரைப் பார்த்து நேர்மாறான ஒன்றையும் சொல்லியாக வேண்டியிருக்கிறது. கல்யாணம் நிச்சயமான பிள்ளைகளும் பெண்களும், முன்பற்கள் சற்றே மஞ்சளாக இருக்கின்றன, ஒன்று லேசாகத் திரும்பியிருக்கிறது என்ற காரணங்களுக்காக, நோயற்ற நல்ல பற்களின் மீது வரிசையாகக் கேப் மாட்டிக்கொள்ளத் துணிகிறார்கள். ஒரு பல்லை முழு உறைக்காகச் செதுக்கும்போது, ஈறுக்கு மேலே தெரியும் பாகத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு தூளாகிப் போய்விடுகிறது என்பதை அவர்களுக்கு யாரேனும் சொன்னார்களா? நம் சரீரத்தில் எலும்பைவிடவும் கடினமானது பல்லின் எனாமல். போனால் மறுபடி வளராததும் அதுவே. இருபத்தைந்து வயதில் செதுக்கிய பல்லுக்கு ஆயுள் முழுவதும் உறை வேண்டும். ஓர் உறை தேய்ந்தோ கழன்றோ போனால் இன்னொன்று, அதன்பின் மற்றொன்று. நிறம்தான் குறை என்றால் வெளுக்க வழி உண்டு. கோணல்தான் குறை என்றால் கம்பி போட்டு நேராக்கலாம். வேர் சிகிச்சை செய்த எல்லாப் பல்லுக்கும் கேப் கட்டாயம் என்பதும் இல்லை. சாரன்சன், மார்ட்டினாஃப் என்பவர்கள் 1,273 பற்களை ஆராய்ந்து 1984இல் வெளியிட்ட முடிவின்படி, கடைவாய்ப்பற்களுக்கு உறை பெரும் நன்மை செய்கிறது. பெரிதாகச் சேதமடையாத முன்பற்களுக்கு அது குறிப்பிடத்தக்க நன்மை எதையும் செய்வதில்லை. ஆகையால் என் வாதம், கேப் நல்லதா கெட்டதா என்பதன்று. தேவையான பல்லுக்குத் தாமதமின்றிப் போடுங்கள், தேவையற்ற பல்லைத் தொடவிடாதீர்கள் என்பதே.

நாற்காலியில் சாய்ந்த பின் என்ன நடக்கிறது என்பது தெரியாததால் விளையும் பயமும் உங்களைத் தடுக்கிறது என்பதை அறிவேன். எனவே அதையும் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். நரம்புள்ள பல்லானால் முதலில் மரத்துப்போகும் ஊசி; நரம்பு எடுத்த பல்லானாலும் ஈறுக்காகச் சில சமயம் ஊசி தேவைப்படும். பிறகு தண்ணீர் பீய்ச்சும் ஊசிமுனை யந்திரத்தால், பல்லின் மேற்புறத்தில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டரும், பக்கங்களில் அதற்குச் சற்றுக் குறைவாகவும் செதுக்கி, உறை இறங்குவதற்குத் தக்கபடி மேலே சிறுத்தும் கீழே அகன்றும் இருக்குமாறு பல்லை உருவாக்குகிறார்கள். ஈறை விலக்கிக் காட்ட, மெல்லிய நூல் ஒன்றைப் பல்லைச் சுற்றி ஈற்றின் இடுக்கில் திணிக்கிறார்கள். அந்த நூல் எடுக்கப்பட்டதும், தட்டில் நிரப்பிய ரப்பர்க் களிம்பைக் கடிக்கச் சொல்லி அளவெடுக்கிறார்கள், அல்லது பேனா போன்ற காமிராவை வாய்க்குள் ஓட்டிப் படம் பிடிக்கிறார்கள். பல்லின் நிறத்துக்கு ஏற்ற சாயலை மாதிரிச் சட்டத்தில் பொருத்திப் பார்ப்பதும் அன்றுதான். அதை ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள், குழல் விளக்கில் சரியாகத் தோன்றிய நிறம் வெயிலில் வேறாகிவிடும். அன்று பிளாஸ்டிக்கால் ஆன தற்காலிக உறையோடு வீடு திரும்புவீர்கள். அதனால் அல்வாவையும் லோனாவாலா சிக்கியையும் கடித்து இழுக்காமல் சில நாள் பொறுத்திருப்பது நல்லது.

அந்த அளவு பட்டறைக்குப் போகிறது. அங்கே நடப்பது நமக்குப் புதிய வித்தையன்று. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் உருவம் சமைத்து, காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி, சுட்டு, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்து விக்கிரகம் செய்கிறார்களே, அந்த முறையைத்தான் 1907ஆம் ஆண்டில் வில்லியம் டாகர்ட் என்ற அமெரிக்கர் தந்த வைத்தியத்துக்குள் பரவச் செய்தார். உங்கள் பல்லின் கல்மாதிரியின் மேல் மெழுகில் உறையைச் சமைத்து, வார்த்து, மேலே பீங்கான் ஏற்றிச் சுட்டால், உலோகமும் பீங்கானும் சேர்ந்த கேப் ஆகிறது. உறுதியானது, விலையும் நடுத்தரம்; எனினும் வருஷங்கள் செல்லச் செல்ல ஈறு இறங்கினால் விளிம்பில் கருங்கோடு தெரியக்கூடும், நிக்கல் கலந்த உலோகம் சிலர் உடலுக்கு ஒவ்வாமலும் போகும். வெறும் உலோக உறை பார்வைக்குச் சோபிக்காவிட்டாலும், பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதுமென்ற பெருமை அதற்குண்டு. வாய் திறந்தாலும் தெரியாத கடைசிப் பல்லுக்கு அதை இகழ வேண்டியதில்லை. சிர்கோனியா என்ற வெண்மையான கேப்பைக் கணிப்பொறி கடைகிறது. தேவையான அளவைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பெரிதாகக் கடைந்து, சுமார் 1,500 டிகிரி சூட்டில் உலையிலிட, அது சுருங்கி உரிய அளவுக்கு வந்து, மிகுந்த வலிமையும் பெறுகிறது. உலோகமும் பீங்கானும் சேர்ந்த கேப்புகள் நூற்றுக்குச் சுமார் 95 என்ற கணக்கில் 5 ஆண்டுகளைத் தாண்டி நிற்கின்றன என்று பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே, விலை கூடியதே சிறந்தது என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, எந்தப் பல்லுக்கு, என்ன காரணத்தால் இந்தப் பொருள் என்று கேட்பதே விவேகம்.

இரண்டாம் முறை போகும்போது உங்கள் பங்கு ஒன்று உண்டு. அதை நீங்கள் சரியாகச் செய்வதில்லை என்பது என் புகார். கேப்பைப் பொருத்திவிட்டு, நீல நிறக் காகிதத் துண்டைப் பற்களுக்கிடையே வைத்து, "கடியுங்கள், அரையுங்கள், உயரமாகத் தெரிகிறதா?" என்று வைத்தியர் கேட்பார். எப்போது எழுந்து போகலாம் என்றிருக்கும் அவசரத்தினாலும், மரத்துப்போன வாயினாலும், மராத்தியிலோ ஹிந்தியிலோ நுணுக்கமாகச் சொல்ல வராத கூச்சத்தினாலும், நீங்கள் தலையை ஆட்டிவிடுகிறீர்கள். ஒரு தலைமயிரின் கனத்தைக்கூட உணரக்கூடியது பல். அவ்வளவு உயரம் கூடியிருந்தாலும், மெல்லும் பாரம் முழுவதும் அந்த ஒரு பல்லின் மீதே இறங்கி, சில நாட்களில் வேர் நோக ஆரம்பிக்கும். நீலப் புள்ளி அழுத்தமாக விழும் இடத்தைத் தேய்த்துக் கொடுக்க அவருக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் உயரமாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும். சிமெண்ட் வைத்து ஒட்டுவதற்கு முன், நிறத்தைக் கண்ணாடியில் பார்த்து, பக்கத்துப் பல்லோடு நூல் இறுக்கமாக நுழைந்து வருகிறதா என்று சோதித்து, மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள். ஒட்டிய பின் சொல்வதானால் கேப்பை அறுத்தே எடுக்க வேண்டியிருக்கும்.

கேப்போடு 5 ஆண்டு, 10 ஆண்டு, 15 ஆண்டு என்று அச்சிட்ட ஓர் உத்தரவாதச் சீட்டையும் கொடுப்பார்கள். அதைப் பத்திரப்படுத்துங்கள், ஆனால் அதை நம்பித் துலக்குவதை நிறுத்தாதீர்கள். அந்த உத்தரவாதம் உறைக்கே ஒழிய, உள்ளேயிருக்கும் பல்லுக்கு அன்று. உறை சொத்தையாவதில்லை, உறையும் பல்லும் சந்திக்கும் விளிம்பில், ஈற்றை ஒட்டி, பல் சொத்தையாகும். நரம்பு எடுத்த பல்லானால் அது வலிக்கவும் செய்யாது. ஒரு நாள் கேப்போடு சேர்ந்து கையில் வந்துவிடும். அந்த விளிம்பைத் தினமும் இரவில் பிரஷாலும், பல்லிடுக்கை நூலாலும் சுத்தம் செய்வதும், வருஷத்துக்கு ஒரு முறையேனும் காட்டிக்கொள்வதும், நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து ஈற்றைக் காப்பதும், தூக்கத்தில் பல் கடிக்கிறவர்கள் இரவுக் கவசம் அணிவதும் அந்த உத்தரவாதச் சீட்டு சொல்லாத நிபந்தனைகள்.

பணத்தின் விஷயத்தை நான் மழுப்பப் போவதில்லை. நம்மில் பெரும்பாலோர் எடுத்துள்ள மருத்துவ இன்ஷூரன்ஸ், விபத்தில் உடைந்தால் ஒழிய, பல்லுக்குக் காசு தருவதில்லை; ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிற குடும்பத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் சாதாரணம் அன்று. ஆனால் இந்த ஊரில் மாற்று வழி உண்டு என்பதை ஏன் மறக்கிறீர்கள்? தனகவடியில் பாரதி வித்யாபீடத்தின் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பிம்ப்ரியில் டி. ஒய். பாட்டீல் கல்லூரி, கேம்பில் ஆஸம் கேம்பஸுக்குள் ரங்கூன்வாலா கல்லூரி, வட்காவில் சிங்ககட் கல்லூரி. இப்படிப்பட்ட கல்லூரிகளில் மாணவர்கள் ஆசிரியர்களின் மேற்பார்வையில் ஒவ்வொரு கட்டமாகச் செய்வதால் நாட்கள் கூடுதலாகும். கட்டணம் தனியார் கிளினிக்கைவிடக் குறைவாயிருக்கும். நேரம் கையிலிருக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கு இது ஒரு நஷ்டமா? இதை விட்டு, மலிவு என்று பதிவு பெறாத ஆசாமியிடம் வாயைக் கொடுப்பது மாத்திரம் வேண்டாம். 1948ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே, மாநிலப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இத்தொழிலைச் செய்ய உரிமையற்றவர். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது.

இளைஞர்களே, உங்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. ஊரிலிருந்து உங்களோடு வந்து தங்கியிருக்கும் தாய் தகப்பனாரைக் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, போனில் பணத்தை அனுப்பிவிட்டால் கடமை தீர்ந்துவிட்டதாக எண்ணாதீர்கள். உள்ளே போய் அருகில் அமருங்கள். வைத்தியர் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள், அவர்கள் சொல்வதை அவருக்குச் சொல்லுங்கள். அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும், அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு என்பதையும் முன்னதாகத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. அவர்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிற கேள்விகளை நீங்கள் கேளுங்கள்: இந்தப் பல்லுக்குக் கேப் ஏன் அவசியம்? போடாவிட்டால் என்ன ஆகும்? நல்ல பல் எவ்வளவு எஞ்சியிருக்கிறது? எந்தப் பொருள், என்ன காரணத்தால்? மொத்தச் செலவு என்ன, எத்தனை முறை வர வேண்டும்? நல்ல வைத்தியர் இக்கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். எக்ஸ்ரேயைக் காட்டி விளக்குவார். பதில் சொல்லப் பொறுமை இல்லாதவரிடம், திரும்பப் பெற முடியாத ஒரு காரியத்துக்கு உடன்படாமல் எழுந்து வந்துவிடலாம். இன்னொருவரின் அபிப்பிராயத்தையும் கேட்டு முடிவு செய்யலாம்.

ஆகவே அன்பர்களே, நான் உங்களிடம் வேண்டுவது இது. இந்த வாரத்துக்குள், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தம் வாயை நினைத்துப் பாருங்கள். வேர் சிகிச்சை முடிந்து, கேப் போடாமல், மேலே சிமெண்டோடு மட்டும் நிற்கிற கடைவாய்ப்பல் யாருக்கேனும் இருந்தால், தீபாவளிக்கு முறுக்கு பிழிவதற்கு முன்பாக அதை வைத்தியரிடம் காட்டி, மேற்சொன்ன கேள்விகளைக் கேட்டு, வேண்டிய உறையைப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவரையில் அந்தப் பக்கம் கடினமானதைக் கடிக்காதீர்கள். கல்யாணத்துக்காக நல்ல பல்லைச் செதுக்க நாள் குறித்திருந்தால், அந்த நாளைத் தள்ளி வைத்து, வேறு வழி உண்டா என்று முதலில் கேளுங்கள். நம் தமிழ்ச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம்: பட்டிமன்றத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் ஒதுக்குகிற மாலைகளில் ஒன்றை, தமிழ் பேசும் தந்த வைத்தியர் ஒருவரை அழைத்து, நம் முதியோர் மனம் விட்டுக் கேள்வி கேட்பதற்கென்று ஒதுக்குங்கள். நின்றது வலி மட்டுமே. எஞ்சிய பாதி வைத்தியத்தையும் செய்து முடிக்கும்படி உங்கள் ஒவ்வொருவரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ராஸ்தா பேட் வாசி ஒருவன்